குட்டைக்கு இனிஷியல் மாறியது

பம்பு கம்பெனி செங்காட்டுக் குட்டையைத் தத்தெடுத்தது. மறுநாளே குட்டை கம்பெனிக்குக் குடிபோய்விட்டது. தத்துக் கொடுத்த பிள்ளை பெற்ற வீட்டிலேயே இருக்குமா என்ன? மீனும் கொக்கும் கூடவே போயின. ஊரில் மிஞ்சியது ஒரு பள்ளமும் பெயர்ப்பலகையும்தான். பலகையில் குட்டையின் இனிஷியல் மாறியிருந்தது.

குட்டையைத் தூர்வாரி ஆளாக்கியது ‘நீர்த்தோழிகள்’ என்ற சிறிய தொண்டு அமைப்பு. அதை நடத்தும் கனகமணி, செய்தித்தாளில் வரும் அர்த்தத்தில்தான் தத்துக்குச் சம்மதித்தாள். வேலி போடுவார்கள், மரம் நடுவார்கள், கூடவே நிற்பார்கள் என்று நினைத்தாள். கம்பெனியோ சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற ரகம்.

தூக்குப்போசியில் கொஞ்சம் வண்டல் மண் எடுத்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்கக் கிளம்பினாள். குட்டைக்கு வண்டல் என்றால் உயிர்.

கம்பெனி வாசலில் காவலாளி மறித்தார். “குட்டைக்கு நீங்க என்ன வேணுமுங்க?”

அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த உரிமையைத்தான் கொடுத்துவிட்டாளே.

“தெரிஞ்சவங்கன்னு வெச்சுக்குங்க.”

உள்ளே அழைத்துப் போனவர் கௌதமன். தொண்டு அமைப்புகளோடு உறவு வளர்ப்பது கம்பெனியில் அவருடைய வேலை. நடைபாதை நீண்டுகொண்டே போனது.

“விருந்தாளி வந்தா சந்தோசத்துல நீண்டுக்குமுங்க” என்றார்.

லிஃப்டில் ஒரு கொக்கு அடையாள அட்டையோடு நின்றது. கனகமணியைக் கண்டதும் தெரியாததுபோல் மேலே பார்த்துக்கொண்டது.

கூட்ட அறையில் குட்டை உட்கார்ந்திருந்தது. யாரோ எண்ணெய் தடவிப் படியச் சீவிவிட்டிருந்தார்கள். பேருக்கு ஓர் அலைகூட இல்லை.

“சாமி, என்னத் தெரியுதா?”

குட்டை கௌதமனைப் பார்த்தது. அவர் தலையசைத்தார்.

“குட் மார்னிங், மேடம்” என்றது குட்டை.

எப்பேர்ப்பட்ட வாலுப் பிள்ளை! எருமையை இறக்கினால் கரையில் நிற்பவர்களையெல்லாம் நனைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

“பாதியா எளச்சுப் போச்சேங்க?”

“பாசமுங்க. எங்க பம்பெல்லாம் வந்து வந்து உறிஞ்சிட்டுப் போகுது. அதுகளுக்கு வேற மாதிரி பாசம் காட்டத் தெரியாதுங்களே.”

“இப்படியே விட்டா சேறுதான் மிஞ்சும். திருப்பிக் குடுத்துருங்க.”

“தத்து ரத்தாகாதுங்க. வருசத்துக்கு ஒருக்கா வந்து செடி நட்டு, போட்டோ புடிச்சுட்டுப் போற சகவாசமே வேண்டாம், நெலச்ச உறவா வேணும்னு நீங்கதானுங்க கேட்டீங்க?”

கேட்டது உண்மைதான். மேடையில், ஒலிபெருக்கியில், கைதட்டலுக்கு நடுவே கேட்டிருந்தாள்.

குட்டையின் அடிமண் தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு மீன் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு பார்த்தது.

“கம்பெனிக்கு அப்பா அம்மா இருக்காங்களா?” என்று கேட்டாள்.

“பங்குதாரருங்க இருக்காங்க. ஆனா யாரும் தலையத் தடவிக் குடுத்ததில்லீங்க.”

“அப்ப கம்பெனிய நான் தத்தெடுத்துக்கறேன்.”

கட்டடம் ஒரு முறை விம்மியது. விளக்குகள் அணைந்து எரிந்தன. இத்தனை காலத்தில் யாரும் அதைத் தத்துக் கேட்டதில்லை.

கௌதமன் சுவரில் காதை வைத்துக் கேட்டார். “சரின்னு சொல்லுதுங்க. எப்பக் கெளம்போணும்னு கேக்குதுங்க.”

அவினாசி சாலையில் கனகமணி முன்னால் நடந்தாள். குட்டை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தது. பின்னால் கம்பெனி, மாடிகளைத் தூக்கிப் பிடித்தபடி தடுக்கி விழாமல் நடந்தது. அதன் பின்னால் பம்புகள். பிள்ளைகளை ஓரமாகக் கூட்டிப் போகச் சொன்னார் போக்குவரத்துக் காவலர்.

செங்காட்டில் குட்டை தன் பள்ளத்தில் இறங்கிப் படுத்தது. கனகமணி பம்புகளை வரிசையாக நிறுத்தித் தலைகீழாக மாட்டினாள். அவை முகத்தைச் சுளித்தன. பிறகு குடித்ததையெல்லாம் கக்கின.

கம்பெனி கரையில் ஒண்டி உட்கார்ந்தது.

“எத்தன நாளைக்கும்மா இங்க?” என்றது.

“தத்துன்னா தத்துதான் சாமி.”

“எனக்கு நீச்சல் தெரியாதும்மா.”

“காலை மட்டும் நனை.”

கம்பெனி தன் தரைத்தளத்தை மெல்லத் தண்ணீருக்குள் விட்டது. குட்டை ஓர் அலையை வாரி அதன் முகத்தில் அடித்தது.