தம்மாமிலிருந்து பூட்டிய டிவி

நோன்புப் பெருநாளுக்கு மீரா முகைதீன் வருவதாகச் சொல்லியிருந்தான். டிவி வந்தது.

மேலப்பாளையத்தில் அந்தத் தெருவுக்கே அது முதல் தட்டைத் திரை டிவி. இருபத்தொன்பது இஞ்ச். மீராவோடு சவூதியில், தம்மாமில் ஒரே அறையில் இருந்த அலி அஸ்கர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது, தன் சாமான்களோடு சேர்த்துத் திருவனந்தபுரம் வழியாகக் கொண்டு வந்தார். நாலு ஆட்கள் வேனிலிருந்து இறக்கினார்கள். பெட்டியைப் பிரித்ததும் மீராவின் உம்மா பாத்து சுற்றி வந்து பார்த்தாள்.

“தட்டைன்னு சொன்னான். பின்னால பூசணிக்காய் மாதிரிலா இருக்கு?”

“முன்னாலதான் சாச்சி தட்டை” என்றார் அலி அஸ்கர். “பழைய டிவில சைடுல இருந்து பாத்தா மூஞ்சி கோணிக்கிட்டுத் தெரியும்லா? இதுல எந்த மூலைல உக்காந்து பாத்தாலும் கோணாது. அடுப்பாங்கரை வாசல்ல இருந்துகூட பாக்கலாம்.”

அடுப்பாங்கரை வாசலில்தான் அக்தர் பானு நின்றுகொண்டிருந்தாள். கையில் புருஷனின் கடிதம் இருந்தது. எப்போது வருவீர்கள் என்று அவள் எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். பதிலாக மீரா டிவியின் விசேஷங்களை ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதியிருந்தான். நூறு சேனல். உள்ளே இருப்பவனின் நெற்றி வேர்வைகூடத் தெரியும். ஒரு படம் ஓடும்போதே ஓரத்தில் சின்னக் கட்டத்தில் இன்னொரு சேனல் பார்க்கலாம். நீ பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டால் அதுவே அணைந்துவிடும். கடைசியில் ஒரு வரி: ‘உம்மா மாடி கட்ட வேண்டும் என்கிறார்கள். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்.’

அந்த ‘இன்னும் ஒரு வருஷம்’ மூன்றாவது தடவையாக வந்திருந்தது. அவன் போய் நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போகும்போது மகள் தஸ்மியா நடை பழகிக்கொண்டிருந்தாள். இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளைப் பொறுத்தவரை வாப்பா என்பது வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் முடிந்ததும் போனில் வருகிற ஒரு குரல்.

டிவி வந்த மறுநாளே வீடு நிறைந்துவிட்டது. தெருப் பெண்கள் மடியில் பீடித்தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். கை பாட்டுக்கு பீடி சுற்றும், கண் டிவியில் இருக்கும். மத்தியானத் தொடருக்கு வந்தவர்கள் சாயங்காலச் செய்தி முடிந்துதான் எழுந்தார்கள். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் முகம் கோணாது என்று அலி அஸ்கர் சொன்னது வினையாகப் போயிற்று. மூலை, நடை, ஜன்னல் திண்டு என்று ஓர் இடம் மிச்சமில்லை. முன்வரிசைப் பாய் பாத்துவின் தங்கச்சி வீட்டாருக்கு. மகள் சபுராவின் மாமியார் வந்தால் மட்டும் நாற்காலி. சின்னக் கட்டத்தில் என்ன ஓடுவது என்பதில் இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

பானு டீ போட்டாள். அரை லிட்டர் பால் இரண்டு லிட்டர் ஆயிற்று. எல்லோரும் போன பிறகு புகையிலைத் தூளைக் கூட்டினாள்.

“எம் மவன் எனக்காவத்தான் அனுப்பிருக்கான்” என்று பாத்து எல்லோரிடமும் சொன்னாள். “உள்ள இருக்கவன் வேர்வை தெரியும்னா பாத்துக்கோயேன்.”

மாசி மாதம் ஒரு நாள் தஸ்மியாவுக்குக் காய்ச்சல். கூடத்தில் முப்பது பேர். பிள்ளையைத் தூங்க வைக்க இடமில்லை. கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள் பானு. “நாங்க என்ன ஓசிலயா பாக்கோம், பீடி சுத்திக்கிட்டுலா பாக்கோம்” என்று ஒருத்தி சொல்ல, கூடமே சிரித்தது.

பானு பத்தாவது வரை படித்தவள். டிவியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அந்த வீட்டில் விரித்துப் பார்த்தது அவள் ஒருத்திதான். அதில் இருபத்திரண்டாம் பக்கத்தில், மீராவின் பட்டியலில் இல்லாத ஒரு விசேஷம் இருந்தது. பிள்ளைகள் பார்க்காமல் இருக்கப் பூட்டு. நாலு நம்பர் போட்டால் பூட்டிக்கொள்ளும். அதே நாலு நம்பர் போட்டால்தான் திறக்கும்.

மறுநாள் காலையில் பூட்டினாள். ஒரே ஒரு நாள் வீடு சும்மா இருக்கட்டும், பிள்ளை தூங்கி எழட்டும், அப்புறம் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

மத்தியானம் பாத்து ரிமோட்டை அமுக்கினாள். கறுப்புத் திரையில் ஒரு சாவிப் படம் மட்டும் வந்து நின்றது. பீடித்தட்டுகளெல்லாம் அப்படியே நின்றன.

ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிற மதாரைக் கூட்டி வந்தார்கள். அவன் ரிமோட்டை நாலு அமுக்கு அமுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

“செட்டுக்கு ஒண்ணும் இல்ல பெரியம்மா. யாரோ நம்பர் போட்டுப் பூட்டிருக்காங்க.”

“யாரு பூட்டுவா? எனக்கு ஆன் பண்ண மட்டும்தான் தெரியும். பானுவுக்குச் சேனல் மாத்தத் தெரியும்.” பாத்து கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நெஞ்சில் கையை வைத்தாள். “அல்லாவே! அவன்தான் பூட்டிருக்கான்.”

“எவன்?”

“மீராதான். போன வாரம் போன்ல கேட்டான், வீட்ல என்ன ஒரே சத்தமா இருக்குன்னு. கோவத்துல பூட்டிட்டான்.”

“தம்மாம்ல இருந்து எப்படிப் பெரியம்மா பூட்ட முடியும்?”

“ஏன் முடியாது? அங்க இருந்து பேசுதான், இங்க கேக்குது. எங்கயோ வெள்ளைக்காரன் பந்து அடிக்கான், இங்கன தெரியுது. எல்லாம் வருது, பூட்டு மட்டும் வராதாக்கும்?”

கூடத்தில் இருந்தவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. மதார் வாயைத் திறந்தான். திறந்தவன் பானுவைப் பார்த்தான். பானு காலிக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலியான கிளாஸையே திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

“வரும் பெரியம்மா” என்றான் மதார். “வெளிநாட்டு செட்டுல்லா.” பிறகு பானுவிடம், “செட்டோட ஒரு புக்கு வந்திருக்குமே மச்சி? அது இருந்தா தொறந்திரலாம்” என்றான்.

“அலி அஸ்கர் காக்கா கொண்டு போயிட்டாக போல” என்றாள் பானு.

புத்தகம் பீரோவில் அவளுடைய கல்யாணப் பட்டுக்கு அடியில் இருந்தது. இந்த நிமிஷம்வரை அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. இதுதான் முதல். உடனே திருத்திச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் மாமி சொன்ன அடுத்த வார்த்தையைக் கேட்டதும் அந்த நினைப்பை விட்டுவிட்டாள்.

“வெள்ளிக்கெழம போன் வரட்டும். என்னன்னு கேக்கேன்.”

வெள்ளிக்கிழமை போன் மணி அடிக்கும்போது கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள்.

“ஏலே, டிவியப் பூட்டிட்டு அங்க உக்காந்து என்னலே செய்யுத?”

எதிர்முனையில் மீரா என்னவோ சொன்னான்.

“நீ பூட்டலன்னா ஜின்னு வந்தா பூட்டுச்சு? மதாரே சொல்லிட்டான், வெளிநாட்டு செட்டுன்னா பூட்டலாம்னு. நம்பரச் சொல்லுலே... தெரியாதா? பூட்டத் தெரிஞ்சவனுக்கு நம்பர் தெரியாதா? சபுரா மாமியா நேத்து வந்து நாற்காலில உக்காந்து, சாவிப் படத்தப் பாத்துட்டுப் போறா. எனக்கு மானம் போவுது. லீவு போட்டுட்டு வா.”

மீரா மாடியைப் பற்றி ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும்.

“மாடி நிக்கட்டும்லே! கீழ டிவி நிக்குது!”

நாலு வருஷமாகப் பானு எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு பீடித்தட்டு நிறையும். எதற்கும் அசையாத மாமி இப்போது போனை அவள் கையில் திணித்தாள்.

“பானு, சத்தியமா நான் பூட்டல” என்றான் மீரா. “இங்கேருந்து அங்க எப்படிப் பூட்ட முடியும்? நீயாவது சொல்லக் கூடாதா?”

இருபது பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நேர்ல வந்து ரிமோட்டக் கையில பிடிச்சா ஞாபகம் வந்துரும்” என்றாள் பானு.

அந்தப் பக்கம் மீரா குரலைத் தாழ்த்தினான்.

“நீயா பானு?” என்றான்.

“சரி, வச்சிருதேன்” என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை மாமி அதே பாட்டைப் பாடினாள். சித்திரைக் கடைசியில் நாற்பத்தைந்து நாள் லீவில் மீரா முகைதீன் வந்து இறங்கினான். தெருவே வாசலில் நின்றது. அவன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாத்து மகனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுதபடியே ரிமோட்டைக் கையில் கொடுத்தாள்.

மீரா பானுவைப் பார்த்தான். அவள் அடுப்பாங்கரை வாசலில் நின்றாள். தஸ்மியா அவள் சேலைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள்.

அவன் கல்யாணத் தேதியை அமுக்கினான். சாவிப் படம். தஸ்மியா பிறந்த தேதி. சாவிப் படம். தான் பிறந்த வருஷம். தம்மாம் வேலை அட்டையின் கடைசி நாலு நம்பர்கூட அமுக்கிப் பார்த்தான். முதுகில் சட்டை நனைந்தது. அந்த வேர்வை எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது.

“என்னலே, நீ பூட்டுனது ஒனக்கே தெரியலயா?”

“தண்ணி குடிச்சிட்டு வாரேன் உம்மா.”

அடுப்பாங்கரையில் பானு சர்பத் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“நம்பர் என்ன?” என்றான் மெதுவாக.

“நீங்க போன தேதி.”

மீரா கிளாஸை வாங்கினான். குடிக்கவில்லை. “ஆகஸ்டா?”

பானு கலக்கிய கரண்டியைக் கீழே வைத்தாள்.

“செப்டம்பர் ஏழு” என்றாள் பிறகு. “சைபர் ஏழு, சைபர் ஒம்பது.”

டிவி திறந்தது. கூடமே ஆரவாரம் போட்டது. “எம் மவன் கை பட்டதும் தொறந்துட்டு பாத்தியளா!” என்றாள் பாத்து.

ஆனால் பானு நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. உலகக்கோப்பை கிரிக்கெட் அந்த வாரம்தான் தொடங்கியது. மீரா முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சோற்றுத் தட்டு அங்கே போயிற்று, டீ அங்கே போயிற்று. வேர்வை தெரிகிறது பார், பந்தின் தையல் தெரிகிறது பார் என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னான். பானு ஏதாவது பேச வந்தால், “ஓவர் முடியட்டும்” என்றான். ஒரு ஓவர் முடிந்தால் அடுத்த ஓவர் இருந்தது. இப்படிப் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் தஸ்மியா மதரஸாவுக்குக் கொண்டுபோகிற பையைத் தேடிக்கொண்டே கேட்டாள்: “உம்மா, இந்த வாப்பாவும் டிவி பாக்க வந்தவங்களா? எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?”

பானு பிள்ளைக்குத் தலை பின்னி முடித்தாள். மீரா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

“திரும்பிப் போற டிக்கெட்ட உறுதிப்படுத்தணும். ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வாரேன்” என்றான்.

“போயிட்டு வாங்க” என்றாள் பானு.

அவன் திரும்பி வந்தபோது கூடம் அமைதியாக இருந்தது. பீடித்தட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதிரே சாவிப் படம். மீரா அவசரமாக சைபர் ஏழு, சைபர் ஒன்பது அமுக்கினான். திறக்கவில்லை.

“எங்கலே போன?” என்றாள் பாத்து.

“டிக்கெட்டுக்கு.”

பாத்து தொடையில் அடித்துக்கொண்டாள். “பாத்தியா! நீ டிக்கெட்டுக்குப் போனதும் பூட்டிக்கிட்டு. இது ஒன் கைக்குப் பழகிட்டு லே. நீ இங்க இருந்தா தொறக்கும், நீ வெளிய கெளம்புனா பூட்டிக்கிடும்.”

“உம்மா, அது மிசினு...”

“எனக்கா படிச்சுக் குடுக்க? ரெண்டு தடவ கண்ணால பாத்துட்டேன். நீ போயிட்டன்னா நான் வருசம் பூரா இந்தச் சாவியவா பாத்துக்கிட்டு இருக்க? ஒண்ணும் போவ வேண்டாம். இருக்க வீடு போதும். இங்கனயே ஒரு கடையக் கண்ணியப் பாரு.”

முன்வரிசைப் பாய் முழுவதும் தலையை ஆட்டியது.

மீரா அடுப்பாங்கரைக்குப் போனான். பானு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“நம்பர் என்ன பானு?”

“மாமி சொன்னதக் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“அப்ப கடையப் பாத்துட்டு வாங்க. சொல்லுதேன்.”

அவன் செருப்பை மாட்டினான். தம்மாமில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். ஊரில் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்று அவனே கடிதத்தில் எழுதியிருக்கிறான். மூன்று நாள் அலைந்தான். மூன்று நாளும் கிரிக்கெட் சாவிக்குப் பின்னால் ஓடியது. மதார் கடைக்குப் பக்கத்தில் ஓர் இடம் பேசி முடிந்தது. பேசி முடித்ததும் மதார் கேட்டான்.

“அந்தப் புக்கு கெடச்சுதா காக்கா?”

“எந்தப் புக்கு?”

“ஒண்ணுமில்ல. கெடைக்காம இருக்கதுதான் நல்லது.”

வீட்டுக்கு வந்து டிக்கெட்டைப் பானுவிடம் கொடுத்தான். அவள் அதைப் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில், புத்தகத்துக்கு மேல் வைத்தாள். பிறகு நம்பரைச் சொன்னாள். அவன் வந்து இறங்கிய தேதி.

டிவி திறந்தது. பாத்து எல்லோரையும் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினாள். மீரா உட்கார இடம் தேடினான். மூன்று நாளில் முன்வரிசைப் பாயில் அவன் இடத்தைப் பாத்துவின் தங்கச்சியின் பீடித்தட்டு பிடித்துவிட்டது. யாரும் நகரவில்லை.

அவன் அடுப்பாங்கரை வாசலில், வெங்காயம் உரிக்கிற பானுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து தஸ்மியா வந்து அவன் முழங்காலில் சாய்ந்தாள்.

அங்கிருந்து பார்த்தாலும் முகம் கோணாமல்தான் தெரிந்தது. அந்த ஒரு விஷயத்தில் அலி அஸ்கர் பொய் சொல்லவில்லை.