கொலுப்பலகையில் பட்ட கால்

ஓடும் ரயிலில் ஏறுவது பம்பாயில் வீரமல்ல, வழக்கம். மாதுங்காவாசியான ஹெட்கிளார்க் சுந்தரராமன் அந்த வழக்கத்தை ஒரு காலையில் பாதியிலேயே விட்டுவிட்டுப் பிளாட்பாரத்தில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. பேனாவைப் பிடித்தால் கை நடுங்கியது. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார் டாக்டர். அமுக்கிப் பார்த்தவர் பந்தைச் சுவரில் அடித்தார். பிறகு டம்ளரை அடித்தார். ஆபீசில் ஒரு ஹால் நிறைய குமாஸ்தாக்களுக்குப் பங்கிட்டு வந்த கோபம் இப்போது முழுசாக மனைவி ருக்கு ஒருத்திக்கே கிடைத்தது.

நவராத்திரி வந்துகொண்டிருந்தது. கொலுப்படிக்காகக் கள்ளிப்பெட்டிப் பலகைகள் பால்கனியில் காத்திருக்க, ஆசாரி இன்று நாளை என்று இழுத்தான். அதற்கும் கோபம் வந்து, சோர் பஜாரில் மரம் சீவும் பழைய இழைப்புளி ஒன்றைத் தாமே வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டார் சுந்தரராமன்.

இடது கை தள்ள, வலது கை சும்மா மேலே கிடந்தது. சர்ரென்று மரம் சுருண்டு எழும்பியது. இன்னொரு சர். எப்போது என்று தெரியாமலே, மடங்காத விரல்கள் இழைப்புளியின் மேல் வளைந்து படிந்திருந்தன. நடுக்கம் இல்லை. அன்று ருக்கு சர்க்கரை போட மறந்த காப்பியை அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார்.

ருக்குவுக்குப் பயமாகப் போய்விட்டது. இவருக்கு என்ன ஆயிற்று என்று பால்கனியை எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ! ஏன்னா, அம்பாள் உக்காரப்போற பலகை! காலால மிதிச்சிண்டிருக்கேளே!"

"மிதிக்கலைடி. பிடிச்சிண்டிருக்கேன்."

உண்மைதான். பலகையின் நுனியை அவருடைய கால் கட்டைவிரல் கவ்வியிருந்தது. இருக்கிற ஒன்றரைக் கையும் இழைப்புளியில் இருக்கும்போது, பலகையைப் பிடிக்க மனிதனிடம் மிச்சமிருப்பது அதுதான்.

"வேற எதாலயாவது பிடிக்கப்படாதா?"

ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். பலகை ஊஞ்சலாடியது. கடைசியில் ருக்குவே பலகையின் ஒரு கோடியில் உட்கார்ந்தாள். இரண்டு தள்ளு தள்ளியதும் சுந்தரராமன் கேட்டார்: "என் கால் படப்படாது. நீ உக்காந்த எடத்துல அம்பாள் உக்காரலாமா?"

அவள் யோசித்தாள். எழுந்துவிட்டாள். வேலை நின்றது. மறுநாள் காலை கை நடுங்கியது, தட்டு பறந்தது.

விஷயம் மாடியில் குடியிருந்த மகாதேவனிடம் போயிற்று. பஜனை மண்டலிச் செயலாளர். சந்தேகம் என்று ஒன்று அவரிடம் வந்தால் தீர்ப்போடுதான் திரும்பும். நாட்டின் அரிசிப் பஞ்சத்துக்காகத் திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டைத் தியாகம் செய்தவர். ஐந்தரை மணிக்கே நான்கு அடை சாப்பிட்டுவிடுவார் என்பது தியாகத்தில் சேராது.

"ஓய் சுந்தரராமன்," என்றார், கீழே இறங்கி வந்து நாற்காலியில் சாய்ந்தபடி. "உழைப்புங்கறது உசத்தி. கைத்தொழில் அதைவிட உசத்தி. ஆனா கால்... கால் வேற டிபார்ட்மெண்ட்."

"ஒங்காத்துப் பூஜை அலமாரியை ஆசாரி எதால பிடிச்சுண்டு இழைச்சான்?"

மகாதேவன் மோவாயைத் தடவினார். "காலாலதான் பிடிச்சிருப்பான். ஆனா என் கண் முன்னால பிடிக்கலையே!"

இதைச் சொன்னவர் சாஸ்திரத்தையே முடித்துவைத்த திருப்தியோடு மேலே ஏறிப் போனார். சுந்தரராமனுக்கு எதுவும் விளங்கவில்லை. நடுங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ருக்கு அந்தக் கையைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். ஒரு பலகையை மட்டும் பால்கனியில் விட்டு மற்றவற்றை உள்ளே இழுத்துப் போட்டாள். ஒரு பழைய புடவையை எடுத்து வந்து பால்கனி வாசலில் குறுக்கே கட்டினாள்.

"அந்தப் பக்கம் போய் உக்காருங்கோ."

"எதுக்குடி?"

"போங்கோன்னா போங்கோ."

போனார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு சர். அப்புறம் ஒழுங்காக வரத் தொடங்கியது.

"ருக்கு," புடவைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் இப்போ எதால பிடிச்சிண்டிருக்கேன்னா..."

"நான் கேக்கலை! நீங்களும் சொல்லாதேங்கோ!"

இந்தப் பக்கம் அவள் அரிசியில் கல் பொறுக்கினாள். சத்தம் நின்றால் அவள் கையும் நின்றது. நான் பண்ணுவது அம்பாளை ஏமாற்றுவதா, இல்லை மகாதேவனையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சத்தம் மறுபடி வந்ததும் யோசனையை விட்டாள்.

சாயங்காலம் புடவைக்கு அடியில் ஒரு பலகை நகர்ந்து வந்தது. வழவழவென்றிருந்தது. கால் பட்ட வஸ்துவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். தொட்டாள், ஒற்றிக்கொண்டாள். பட்டது அவர் கால். மன்னிப்புக் கேட்பதோ அவள். அதுவும் இன்னும் பொம்மை ஏறாத ஒரு கட்டையிடம்.

குழப்பத்தோடு குழப்பமாக அடுத்த பலகையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.