பழம்தின்னி கேட்ட கேள்விகள்

சின்ன சகலை வலைப்பூ எழுதுகிறான் என்று மனைவி சொன்னபோது மூத்தவருக்குச் சிரிப்புதான் வந்தது. மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிற தொழிலில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? இவர் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். சகலையோ நேற்று முளைத்தவன். இவருக்குப் பின்னால் மருந்து டப்பா தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டுத்தான் தனிக்கடை போட்டான்.

ஊரிலேயே பெரிய விடுதிக்கு வருஷா வருஷம் இவர்தான் மருந்தடித்து வந்தார். கடையே அந்த ஒப்பந்தத்தில்தான் ஓடியது. அந்த விடுதிக்குப் புதிதாக வந்த மேலாளரம்மா ஒருநாள் இவரிடமே கேட்டாள்: "மூட்டைப்பூச்சி நிபுணர்னு ஒருத்தர் எழுதறாரே, உங்களுக்குச் சொந்தமாமே? எவ்வளவு தெளிவா எழுதறார்!"

நிபுணராம், நிபுணர்! இவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

அன்று மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர் கைபேசியை எடுத்தார். 'பழம்தின்னி' என்று தனக்கே ஒரு பெயர் சூட்டிக்கொண்டு, சகலையின் வலைப்பூவில் போய் எழுதினார்: "விரிப்பைக் கொதிநீரில் போடச் சொன்ன மேதாவியே, கட்டிலின் தலைமாட்டுப் பலகையையும் அவிப்பாயா? திருகாணி ஓட்டைக்குள் இருக்கிற பூச்சிக்கு என்ன வழி?" பயல் நன்றாக முழிக்கட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்தார்.

நீட்டிய காலை மடக்குவதற்குள் சகலையிடமிருந்து போன்.

"அண்ணே, ஒரு சந்தேகம். எவனோ ஒருத்தன் திருகாணி ஓட்டையைப் பத்திக் கேக்கறான்..."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் தொழில் விஷயத்தில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததே கிடையாது. இவனிடம் போயா சொல்வார்?

"இதுகூடத் தெரியாமலா தம்பி கடை போட்டே? பலகையைக் கழட்டு. ஓட்டைக்குள்ள நிதானமா நீராவி விடு. அவசரப்பட்டேன்னா பூச்சி பின்பக்கமா ஓடிடும்."

போனை வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அது படத்தோடு வலைப்பூவில் வந்துவிட்டது.

ஆத்திரத்தில் அடுத்த குண்டைப் போட்டார்: "மருந்துக்குச் சாகாத முட்டையை என்ன செய்வாய்? மாமியார் வீட்டுச் சோற்றில் உடம்பு வளர்த்தவனுக்கு முட்டை என்றால் தின்னத்தானே தெரியும்!" மறுபடியும் போன் வந்தது. மறுபடியும் இவரே, முட்டை பொரியும்வரை பொறுத்து இரண்டாம் தடவை அடிக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். சுவிட்சுப் பெட்டி வழியாகப் பூச்சி அடுத்த அறைக்குப் போவதைப் பற்றிக் கேட்டார். அதற்கும் அவரே பதில் சொன்னார். இவர் திட்டத் திட்ட அங்கே கூட்டம் சேர்ந்தது. இந்த ஆளுக்கே அசராமல் பதில் சொல்கிறாரே என்று சகலையை எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒப்பந்தம் முடியும் சமயத்தில் மேலாளரம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தத் தடவை ஒப்பந்தம் இவருக்குத்தான்," என்று சகலையைக் காட்டினாள். "எழுதினது அத்தனையும் படிச்சிட்டேன்."

"அதுல பாதி அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான் மேடம்," என்றான் சகலை.

"என்ன ஒரு அடக்கம்!" என்று அவள் சிரித்தாள். மூத்தவர் பல்லைக் கடித்தார்.

"ஆனா மனசுல இருக்கிறதைச் சொல்லட்டுமா? அந்தப் பழம்தின்னி மட்டும் கிடைச்சா, எங்களோட எல்லா விடுதிக்கும் அவரைத்தான் மேற்பார்வைக்குப் போடுவேன். கேள்வியிலேயே தெரியுது, எவ்வளவு பார்த்த மனுஷன்னு. வாய்தான் சாக்கடை."

மூத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்தான் அது என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

"என்னைத் திட்டினாக்கூடப் பரவாயில்லை மேடம்," என்றான் சகலை. "எங்க அத்தையையும் இழுத்துட்டான். அதைப் படிச்சிட்டு அத்தை ரெண்டு நாள் சாப்பிடலை. இவர் வீட்டு அண்ணிதான் பக்கத்துல உக்காந்து தேத்தினாங்க." பிறகு இவர் பக்கம் திரும்பினான். "அண்ணே, தொழில்ல இருக்கிற அத்தனை பேரையும் உங்களுக்குத் தெரியுமே. யாரா இருக்கும்?"

மேலாளரம்மாவும் ஆவலோடு இவர் முகத்தையே பார்த்தாள்.

"தெரியாது," என்றார் மூத்தவர்.