மூணேகால் அலாரம்

பவன்குமாரின் கடையில் அந்த அலாரம் அலறிய அலறலில் எதிர்ச்சாரிப் பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். பாலசுந்தரத்துக்கு மானமே போனது போலிருந்தது. பெண்டாட்டியின் போனைத் தூக்கிக்கொண்டு அவன் இந்தக் கடைக்கு வருவது இது மூன்றாவது தடவை. வீட்டில் ஊமையாகக் கிடக்கிற சனியன், இந்தக் கண்ணாடி மேசைமீது வைத்த மாத்திரத்தில் வாயைத் திறந்துவிடுகிறது. பல்வலி என்று ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான்.

“பாகானே மோகுதுந்தி கதண்ணா! நல்லாத்தானே அடிக்குது?” என்றான் பவன்குமார். நகரியில் பாதிப் பேர் அவனிடம்தான் போனை வாங்குகிறார்கள், மீதிப் பேர் அவனிடம் போனைக் காட்டித் திட்டுகிறார்கள். இரண்டையும் அவன் ஒரே சிரிப்போடு வாங்கிக்கொள்வான். போனில் கூப்பிடுகிற மணிக்கு ஒரு சத்தம், அலாரத்துக்குத் தனியாக ஒரு சத்தம் என்று முதல் தடவை விளக்கி, அதைக் கடைசிவரை ஏற்றி வைத்தான். யாரும் தொந்தரவு செய்யாதபடி போனை அடக்கிவைக்கிற ஒன்று, பேட்டரியை மிச்சம் பிடிக்கிற ஒன்று, இரண்டையும் அடுத்த தடவை அணைத்தான். இன்றைக்கு இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு வேறொரு அலாரமே போட்டுக் கொடுத்தான்.

“இதுக்கு மேலயும் அடிக்கலன்னா போன் மேல தப்பு இல்லண்ணா. வதினயே தூக்கக் கலக்கத்துல ஆஃப் பண்ணிட்டு படுத்துக்குதோ இன்னாவோ.”

பாலசுந்தரம் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். அவன் மனத்திலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பெண்டாட்டியைப் பற்றிய சந்தேகத்தை அடுத்தவன் வாயால் கேட்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது.

மஞ்சு வரதய்யபாளையம் பக்கத்தில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். போனுக்குள் போகிற சின்னச் சின்னப் பலகைகளை வரிசையில் நின்று சோதிக்கிற வேலை. “போன் செய்ற கம்பெனிக்காரி போனு அடிக்க மாட்டேங்குதாமே” என்று பக்கத்து வீட்டுச் சந்திரம்மா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாயிற்று. பகல் ஷிஃப்டில் போய்க்கொண்டிருந்தவரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. விடிவதற்கு முன்னால் இதே போன் ஒரு தடவை முனகினாலே எழுந்துவிடுவாள். இந்த மாதம் நைட் ஷிஃப்டில் தூக்கிப் போட்டார்கள். காலையில் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். வந்து சோறாக்கி, மகள் ரேஷ்மாவுக்குச் சடை போட்டுப் பள்ளிக்கூடத்தில் விட்டு, துணி துவைத்து, அவள் தலை சாய்க்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். மகளைக் கூட்டிவர மூணேகாலுக்கு எழுந்தாக வேண்டும். பள்ளிக்கூடம் திருப்பதி ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்த ரோட்டில் வருகிற லாரிக்காரர்களுக்கு ஊர் என்று ஒன்று குறுக்கே இருப்பதே தெரியாது.

ஆரம்பத்தில் அலாரத்துக்கு முன்பே தானாக விழித்துக்கொண்டாள். அலாரம் அடிக்காமல் போன முதல் நாள் பள்ளிக்கூட வாட்ச்மேன் பெண்டாட்டி குழந்தையை உட்கார வைத்திருந்தாள். இரண்டாம் முறை டீச்சர் காத்திருந்து, “ரோஜூ இட்ல ஐதே எட்லம்மா?” என்று மஞ்சுவைப் பிடித்துக்கொண்டாள், தினமும் இப்படி ஆனால் எப்படி என்று. நேற்று யாரும் இல்லை. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் தானாகவே கிளம்பிவிட்டது. பால் வண்டிக்காரன் ஒருவன் பிரேக்கை மிதித்து நிறுத்தி, கையைப் பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டான். அவன் திட்டிய திட்டுக்கெல்லாம் பாலசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

நேற்று சாயங்காலம் பேச்சு முற்றிப்போனது.

“நான் ஆஃப் பண்ணல மாமா. புள்ள மேல ஆணையா சொல்றேன்.”

“பின்ன, பேயி வந்து ஆஃப் பண்ணிச்சா? கடையில அடிக்குது, மத்தியானத்துல நான் வச்சிப் பாத்தா அடிக்குது, உன் தலமாட்டுல மட்டும் அடிக்காதா?”

அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, “வேலைய வுட்டுடறேன்” என்றாள். விட முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், “நீ போயி இட்டுக்கினு வந்தா இன்னா மாமா?” என்று கேட்டாள்.

“தறிய யாரு பாப்பாங்க?”

அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் அது கேள்விக்கு இடமில்லாத பதில். நான்கு பவர்லூம் தறிகள். அவன் அப்பா இரண்டைப் போட்டார், அவன் இரண்டைச் சேர்த்தான். மத்தியானம் அவன் சோறு துன்னுகிற நேரத்தில் நிறுத்துவான். கரண்ட் போனால் அதுவாகவே நிற்கும். மற்றபடி கல்யாணம் காட்சி என்றாலும் ஆள் மாற்றி உட்கார்த்திவிட்டுத்தான் போவான். போனைச் சோதிக்கிறதும் அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான். வேறெப்போது அவனுக்குக் கை ஒழிகிறது? இலையை எடுத்துப் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு நேரத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பான். சொன்ன நேரத்துக்கு டாண் என்று அடிக்கும்.

கடையிலிருந்து திரும்பியவன், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தான். போனையா, பெண்டாட்டியையா? பெண்டாட்டியாக இருந்தால் தேவலை என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. போன் என்றால் வேறு வாங்க வேண்டும். அவள் என்றால் ஒரு கத்தல் கத்திவிட்டுப் போகலாம். இப்படி நினைப்பது கேவலம் என்பது அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் நினைத்தான்.

மூன்று மணிக்குத் தறிக்கொட்டகைக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். ஒரு கண் தறிமேல், ஒரு கண் போன்மேல். போன் மஞ்சுவின் தலையணையை ஒட்டிக் கிடந்தது. அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அட்டையைக் கழற்றக்கூட மறந்திருந்தாள், அதன் கயிறு கன்னத்தில் தடம் பதித்திருந்தது. அவளைப் பகல் வெளிச்சத்தில் இப்படி உட்கார்ந்து பார்த்து எத்தனை காலமாகிறது என்று யோசித்தான். காலையில் அவள் வரும்போது இவன் தறியில் நூல்தார் மாற்றிக்கொண்டிருப்பான். சாயங்காலம் இவன் நிமிர்வதற்குள் அவள் பஸ்ஸுக்கு நிற்பாள். கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருத்திருப்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

போனில் வெளிச்சம் வந்தது. திரையில் ஒரு மணி இப்படியும் அப்படியுமாக ஆடியது. சத்தமே இல்லை.

மாட்டிக்கொண்டாயா! பாலசுந்தரம் தாவிப் போய் எடுத்தான். மஞ்சு விரல்கூட அசைக்கவில்லை, அதற்கு அவன் சாட்சி. கையில் போன் குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கியது, ஆனால் மூச்சுவிடவில்லை. பவன்குமாரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அதைக் காதருகில் கொண்டுபோனான்.

தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது போன்.

காதைவிட்டு எடுத்தான், இல்லை. காதில் வைத்தான், கத்தியது. பைத்தியக்காரன் மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, மெதுவாகத் தறிக்கொட்டகைப் பக்கம் திரும்பினான். நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில்தான் அவன் பிறந்தான், தவழ்ந்தான், மாலை மாற்றிக்கொண்டான். அதை ஒரு சத்தம் என்று அவன் ஒருநாளும் கணக்கில் வைத்ததில்லை. மஞ்சுவும் தறிவீட்டுப் பெண்தான், அவளுக்கும் தோன்றவில்லை. இடையில் சுவர் இருக்கிறது, அதனால் அறை அமைதியான இடம் என்றே இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். போன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. குழந்தை மேல் ஆணையிட வைத்தவன் அவன்தான்.

போய் மோட்டார் சுவிட்சைத் தட்டினான். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அலாரம் வீடு முழுக்க நிரம்பியது. கடையில் அலறியதைவிட இங்கே பலமாகக் கேட்டது. இதோ எழுந்துவிடுவாள், விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கலாம், நேற்றுப் பேசியதற்கும் அந்தச் சிரிப்போடு சேர்த்து ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று போனைக் கையில் ஏந்தியபடி நின்றான்.

அவள் எழவில்லை.

அலாரம் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்தான். புருவம் மட்டும் லேசாகச் சுருங்கியது. உதடு அசைந்தது. “இன்னும் ரெண்டு ட்ரேதாண்டி… வந்துக்கினே இருக்கேன்” என்று யாருக்கோ சொன்னாள். அவ்வளவுதான், மறுபடி மூச்சு சீராக ஓட ஆரம்பித்தது.

தறியின் மேலும் பழியைப் போட முடியாமல் போயிற்று. தோளைத் தொட்டு உலுக்கக் கையை நீட்டினான். கை பாதியில் நின்றுவிட்டது. அலாரத்தை அணைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

பள்ளிக்கூடக் கேட்டில் அம்மாக்களும் ஆட்டோக்காரர்களும் நின்றிருந்தார்கள். டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தாள். தலையெல்லாம் பஞ்சு.

“பாப்பாக்கு மீரு ஏமவுதாரண்டி?” என்ன உறவு என்று கேட்கிறாள்.

“நைனா” என்றான்.

ரேஷ்மா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவனைப் பார்த்துவிட்டு, அவனுக்குப் பின்னால் அம்மாவைத் தேடினாள். இல்லை என்றதும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

“கரண்ட் போயிட்ச்சா நைனா?”

“இல்லடா.”

“பின்ன எப்டி வந்த?”

பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். திருப்பதி ரோடு வந்ததும் அவன் பாட்டுக்கு இறங்கப் போனான். குழந்தை அவன் விரலைப் பிடித்துப் பின்னால் இழுத்தது.

“அங்க இல்ல நைனா. இங்க வந்து நில்லு. நேத்து நான் இங்கதான் நின்னுக்கினு இருந்தேன்.”

ஒரு கரண்ட் கம்பம். அதை ஒட்டி, அவள் காட்டிய இடத்தில், அவன் போய் நின்றான். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது அவன் சட்டை படபடத்தது, அவளுடைய சடை ரிப்பன் பறந்தது. அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தான். அங்கிருந்து எதிர்ப்பக்கமே தெரியவில்லை, டயர்கள்தான் தெரிந்தன.

“பெரிய லாரி போவட்டும் நைனா” என்றாள் ரேஷ்மா. “நான் சொல்றப்ப ஓடணும், இன்னா?”

அவன் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு, ஓடுவதற்குத் தயாராக ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தாள்.