செத்தவீட்டில் ஒரு சூடான பெட்டி

1.

இந்தக் கதை என்னுடைய பிழையான வசனமொன்றிலிருந்து பிறந்தது: “மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்துப் பெட்டிக்குள் நீல நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.” எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். பிறகு கொக்குவிலில் இருக்கும் தக்சாயினிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவள் பொறியியலாளர். அந்தப் பெட்டியைச் செய்து பூட்டியவளே அவள்தான்.

“அண்ணை, உதை முதல் வெட்டுங்கோ. உது எரிபொருட்கலம். சாணவாயு எரியாமலே கரண்டாயும் சூடாயும் மாறுது. நெருப்பெண்டு ஆர் சொன்னது?”

வெட்டினேன். ஆனால் போன மாதம் அவளுடைய அப்பா தியாகலிங்கம் செத்த அன்று, இந்த இல்லாத நெருப்புக்காகத்தான் அந்த வீட்டில் சண்டை மூண்டது என்று அவள் தொடர்ந்து சொன்னாள். விடுவேனா?

2.

தொடக்கம், முதல் முயற்சி: “பறைமேளம் ஒழுங்கை முகப்பில்...” வேண்டாம். எல்லாச் செத்தவீட்டுக் கதையும் பறையோடுதான் தொடங்குகிறது.

இரண்டாவது: “இரத்தினம்மா பொல்லாத மனுசி.” [பொறுங்கள். இவரிடம் பிறகு வருகிறேன்.]

மூன்றாவது, விசயத்துக்கே வருகிறேன். பிரேதம் விறாந்தையில் கிடக்கிறது. அதை எடுத்து முடியும்வரை வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தேத்தண்ணி அயல்வீட்டிலிருந்து வருகிறது. பின்வளவிலோ பெட்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. தியாகலிங்கத்தின் அக்கா இரத்தினம்மா அதைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

“பிள்ளை, உந்தப் பெட்டியை நிப்பாட்டு.”

“மாமி, உடனை நிப்பாட்டினால் உள்ளுக்கை இருக்கிற தட்டெல்லாம் வெடிச்சுப்போம். மெல்ல மெல்லத்தான் ஆறவிடவேணும், அதுக்கு ஒரு முழுநாள் பிடிக்கும். எனக்கு வேறை பெட்டியில்லை.”

(கொதிக்கிற மண்சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இது விளங்கும். தட்டுகள் பீங்கான் மாதிரி; தக்சாயினியின் இத்தனை வருட உழைப்பு அவற்றில் இருந்தது. வாயுவின் கூழ்முட்டை நாற்றத்தை எடுக்கத் துருப்பிடித்த இரும்புத்தூள் அடைத்த பீப்பா ஒன்றும் பக்கத்தில் நின்றது. கதையில் அதற்கு வேலையில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் பெட்டி பழுதாகிவிடும், பாவம், ஒரு வரியாவது கிடக்கட்டும்.)

3.

முதல் வரைவில் இரத்தினம்மாவை வில்லியாக்கியிருந்தேன். சுகமான வேலை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைத் தக்சாயினி சொன்னதும் எனக்குக் கை ஓடவில்லை.

“அவன் என்ரை இடுப்பிலை வளந்தவன். அவனுக்கு நான் செய்யிறதுக்கு இனி என்ன கிடக்கு? உந்த மரியாதை ஒண்டுதான்.”

“மாமி, உதுக்குள்ளை நெருப்பே இல்லை.”

“நெருப்பில்லாமல் சூடோ? ஆரைப் பேய்க்காட்டுறாய்? அப்பிடியெண்டால் வா, அப்பாவின்ரை தலையைத் தொட்டுச் சொல்லு.”

4.

இந்த இடத்தில் தக்சாயினி கதையை விட்டு என்னிடம் திரும்பினாள்.

“அண்ணை, உங்களுக்கும் நான் முழுக்கச் சொல்லேல்லை. கலத்துக்குள்ளை நெருப்பில்லைத்தான். ஆனால் மாறாமல் மிஞ்சிற வாயு பின்னாலை ஒரு சின்ன அறையிலை எரியுது. அந்தச் சூடும் சேர்ந்துதான் பெட்டியோடை பூட்டின தாங்கியிலை குளிக்கிற தண்ணி கொதிக்குது.”

ஐயோ, என் நீல நெருப்பே! உன்னை அவசரப்பட்டு வெட்டிவிட்டேனே.

கடைசி வருசம் முழுக்கத் தியாகலிங்கம் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார். குளிர் தாங்கமாட்டார். பிரேதத்தைக் குளிப்பாட்டவும் அவள் அதிலே ஒரு வாளி பிடித்து, தலைமாட்டில் வைத்திருந்தாள். இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். மிச்சம் என் பாடு.

5.

முடிவு ஒன்று: தலையைத் தொட்டுப் பொய்ச்சத்தியம் பண்ணுகிறாள். பெட்டி தப்பும். ஆனால் பிறகு அந்தத் தண்ணீரை அவள் எப்படித் தொடுவாள்? [வெட்டு.]

முடிவு இரண்டு: நேரே போய் வாயு வருகிற வால்வைப் பூட்டுகிறாள். உள்ளே தட்டுகள் ஒவ்வொன்றாய்... இந்த வசனத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு மூன்று: அவள் கை அப்பாவின் தலைக்கு மேலே போய், தொடாமல் நிற்கிறது.

“மாமி, ஒரு மூலையிலை எரியுதுதான்.”

இரத்தினம்மா ஏசவில்லை. வாளிக்குள் கையை விட்டார். “தம்பிக்கு உந்தச் சூடுதான் பிடிக்கும்,” என்று சொல்லிக் குழறி அழுதார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். ஈரக் கையாலேயே வால்வைப் பிடித்தார். தக்சாயினி தடுக்கவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டால் அவள் சொல்லுவாள். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அந்தக் கையை உங்களிடம் தருகிறேன். திருகுவதா, விடுவதா? கெதியாய்ச் சொல்லுங்கள். வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது.