புல்லுக்கு இரண்டு அங்குலம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அக்கா போனில், "உனக்குப் புல்லு வெட்டத் தெரியுமாடா?" என்று கேட்டாள். "ஓ, தெரியுமே" என்றேன். தெரியாது. கதை எழுதிப் பிழைக்கிறவன் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னால் அதைப் பொய் என்று சொல்லக்கூடாது, தொழில் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வேலைவெட்டி இல்லாமதானே இருக்க, வந்து வெட்டற வேலையாவது பாரு" என்றாள். என் நாலு புத்தகமும் அவள் வீட்டில் இருக்கின்றன. ஒன்று, ஆடுகிற மேஜையின் காலுக்கடியில் இருக்கிறது.

வெட்ட வேண்டியது மாமாவின் புல். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். போல்ட்டும் நட்டும் செய்கிற தொழிற்சாலையில் முப்பது வருஷம் அளவு சரிபார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். அதைக் குத்தி நிறுத்திப் புல்லை அளப்பார். மூன்று மாதத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். கை பழையபடி ஆகிவிட்டது. இடது பாதத்தின் முன்பக்கம் மட்டும் தூக்க வரவில்லை, தரையைத் தேய்த்துக்கொண்டே போகிறது. வாக்கர் பிடித்துத்தான் நடை. பேச்சு போகவில்லை, ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு "ம்", கேட்காததற்கு அதுவும் இல்லை.

அந்த மூன்று மாதமும் புல்லை யாரும் தொடவில்லை.

2

முதல் தொடக்கம்: "பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்த புல்வெளியில் காலை வெயில்—"

[நிறுத்தினேன். புல் பச்சைப் பசேல் இல்லை. நாலரை அங்குலம் வளர்ந்து, அடியில் பழுத்து, படுத்துக் கிடந்தது. வெயிலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.]

இரண்டாம் தொடக்கம்: "பெர்முடா புல் என்று விதைப்பையில் அச்சடித்து விற்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, அருகம்புல்தான்." இப்படி ஆரம்பித்து ஒரு பக்கம் போனேன். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழ்க என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகை எத்தனை அங்குலத்தில் வெட்டுவது என்று வாழ்த்தியவர் யாராவது சொல்லியிருக்கிறாரா என்றெல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கட்டுரை. கிழித்துவிட்டேன், அந்த வாழ்த்து வரியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.*

மூன்றாம் தொடக்கம் என் முட்டாள்தனம். அதுவே இருக்கட்டும்.

* எங்கே பயன்படும் என்று இப்போது தெரியவில்லை. அக்கா பழைய ரப்பர் பேண்டை எல்லாம் எடுத்து வைப்பாள். அதே குடும்பம்.

3

புல்வெட்டும் இயந்திரத்தின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு லீவர் உண்டு. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். நான் ஃபேன் ரெகுலேட்டரைப் பார்த்து வளர்ந்தவன். ஒன்று என்றால் மெதுவாக, அதாவது கொஞ்சமாக வெட்டும் என்று எடுத்துக்கொண்டேன். முதல் நாளாச்சே, கொஞ்சமாகவே வெட்டுவோம் என்று ஒன்றில் வைத்து இழுத்துவிட்டேன்.

ஒன்று என்பது தரையிலிருந்து உயரம். அடிமட்டம். ஒரு அங்குலம்.

வாசல்படிக்கு நேர் எதிரே பாய் அகலத்துக்கு ஒரு பட்டை மொட்டையாகிவிட்டது. பச்சை ஒரு பொட்டு இல்லை. வெளுத்த தண்டும் மண்ணும். இயந்திரத்தை நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"யோவ் மச்சான்! நாலரை அங்குலத்தை ஒரே வெட்டுல ஒண்ணாக்கினா அது புல்லா, இல்ல உன் தலையா?"

மூன்று மாதத்தில் மாமா பேசிய முதல் முழு வாக்கியம். என் தலையில் முடி இல்லை என்பது உண்மைதான். உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்து ஜன்னலுக்கு உள்ளே நின்றாள். அவரையே பார்த்தாள்.

"இன்னும் திட்டுங்க" என்றாள்.

4

மாமாவின் சட்டம் இது. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. எடுத்தால் புல் திகைத்துப்போய்விடும். நாலரையை மூன்றாக்கு. அஞ்சாறு நாள் விடு. பிறகு ரெண்டரை. அப்புறம் இன்னும் கீழே. அவசரப்பட்டால் மறுபடியும் மொட்டை.

அதற்கேற்ற எண்களையும் அவரே ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி சொன்னார்: ஐந்து என்றால் மூன்று அங்குலம், நாலு ரெண்டரை, மூன்று ரெண்டு, இரண்டு ஒன்றரை.

[மாமா திடீரென்று இவ்வளவு பேசுவது நம்பும்படி இருக்கிறதா என்று இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. பேச்சைக் குறைத்து எழுதிப் பார்த்தேன். நிஜத்தில் அவர் அன்று சாயங்காலம் வரை நிறுத்தவே இல்லை. குறைத்ததுதான் பொய். அப்படியே விட்டுவிட்டேன்.]

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை வாரம் இரண்டு முறை வருகிற பிசியோதெரபிப் பெண் சொன்னாள். "வீட்டுத் தரையில நடந்தது போதும் சார். புல்லுல நடங்க. ஆனா உயரமா இருந்தா பாதம் சிக்கும். ஒட்ட வெட்டினா தரை கல்லு மாதிரி இருக்கும், விழுந்தா அடி படும்."

"அப்ப எவ்ளோ உயரம்மா?" என்றார் மாமா.

"அது உங்க டிபார்ட்மெண்ட் சார்."

மாமா அன்றைக்கே முடிவு செய்தார். வெட்டு ஒன்று, துண்டு ரெண்டு. வாசல்படியிலிருந்து கேட் வரைக்கும் புல்லின் குறுக்கே இருபத்திரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். புல் சரியான உயரத்துக்கு வந்து நிலைத்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாக்கர் இல்லாமல், யாரும் பிடிக்காமல் அவர் நடப்பார்.

அக்கா சமையலறையில் என்னிடம் சொன்னாள். "அன்னிக்கு அவர் விழுந்த சத்தம் இன்னும் காதுலயே இருக்குடா. தூக்கப் பாத்தேன், முடியல. பக்கத்துல உக்காந்து ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னொரு தடவை என்னால ஆகாது." சொல்லிவிட்டு வெங்காயத்தை அளவுக்கு மேல் பொடியாக நறுக்கினாள்.

5

இப்போது கதையில் ஒரு மர்மம் வருகிறது. சின்ன மர்மம்தான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

ஐந்திலும் நாலிலும் தலா ஒரு வெட்டு முடிந்து அடுத்த வெட்டு வந்தது. "ரெண்டுல வை" என்றார் மாமா. வைத்தேன். காபி குடித்துவிட்டு வந்தால் லீவர் மூன்றில் இருந்தது. நான்தான் தப்பாக வைத்தேன் போலிருக்கிறது என்று வெட்டிவிட்டேன். அடுத்த வாரமும் ரெண்டு, காபி, மூன்று. மூன்றாவது வாரம் காபியைக் குடிக்காமல், கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

அக்கா வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். குனிந்தாள். லீவரை ஒரு எண் மேலே தள்ளினாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

[இரண்டாம் வரைவில் இந்த இடத்தில் அக்காவை வில்லியாக்கியிருந்தேன். கணவன் நடப்பதை விரும்பாத மனைவி. நல்ல திருப்பம் என்று பட்டது. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் மாமாவின் பாதத்தை மடியில் வைத்துப் பிசியோதெரபிப் பெண் சொன்னபடி நூறு தடவை மடக்கி நீட்டினாள். வில்லிகள் நூறு வரை எண்ண மாட்டார்கள்.]

வெட்டி முடித்ததும் மாமா ஜன்னல் வழியாக ஸ்டீல் ஸ்கேலை நீட்டினார். "அளந்து சொல்லு."

அளந்தேன். இரண்டு அங்குலம். "ஒன்றரை" என்றேன். அக்காவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"ரெண்டு" என்றார் மாமா. "இங்கேருந்தே தெரியுது. அவ ஒண்ணு கூட்டுவான்னு தெரிஞ்சுதான் உங்கிட்ட ஒண்ணு குறைச்சுச் சொல்றேன். எனக்கு வேண்டியது மூணாம் நம்பர்தான்."

6

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இந்தக் கதையின் முதல் ஐந்து பகுதிகளைப் படிக்க அக்காவிடம் கொடுத்தேன். மேஜைக்காலுக்கு வைத்துவிடுவாளோ என்று பயந்தேன். நின்றபடியே படித்து முடித்தாள்.

"அவர் குறைச்சுச் சொல்றது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றாள். "அதனாலதானே ஒண்ணே ஒண்ணு கூட்டறேன். இல்லாட்டி அஞ்சுல வெச்சிருப்பேன்."

"ரெண்டு பேருக்கும் மூணுதான் வேணும்னா, உக்காந்து பேசி மூணுல வைக்க வேண்டியதுதானேக்கா?"

"பேசினா சண்டை வரும். சண்டை முடியறதுக்குள்ள புல்லு வளந்துடும்."

7

முடிவுகள். மூன்று எழுதி இருவரிடமும் கொடுத்தேன்.

(அ) மாமா இருபத்திரண்டு அடியும் நடந்து கேட்டைத் தொடுகிறார். அக்கா ஓரத்தில் எழுதியது: "எழுதறது சுலபம்."

(ஆ) பதினாலாவது அடியில் பாதம் சிக்கி விழுகிறார். இரண்டு அங்குலப் புல் தாங்கிக்கொள்கிறது. சிராய்ப்புகூட இல்லை. அக்கா இதை ரொம்ப நேரம் பார்த்தாள், ஒன்றும் எழுதவில்லை. மாமா சிவப்பு மையில் குறுக்கே அடித்து எழுதினார்: "விழுவதானால் நானே விழுவேன். நீ தள்ளாதே."

(இ) மழை வந்து ஞாயிற்றுக்கிழமை நடை தள்ளிப்போகிறது. இதற்கு இருவரும் சேர்ந்து ஒரே வார்த்தை எழுதியிருந்தார்கள். இங்கே எழுதக்கூடியதல்ல.

8

சனிக்கிழமை காலை. மறுநாள் நடை. கடைசி வெட்டு.

"எத்தனை மாமா?" என்றேன். பதில் எனக்கே தெரியும் என்று லீவரை இரண்டுக்குக் கொண்டுபோகக் குனிந்தும்விட்டேன்.

"நாலு" என்றார்.

நிமிர்ந்தேன்.

"அவ நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கல. புரண்டு புரண்டு படுத்தா. இந்த ஒரு தடவை அவ இஷ்டத்துக்கே இருக்கட்டும். மெத்துனு இருந்தா அவளுக்குத் தைரியம். நான் காலைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கறேன்."

தூக்க வராத பாதம் அது. அவருக்கும் தெரியும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அலங்காரம் எதுவும் தோன்றவில்லை. நாலில் வைத்தேன். காபிக்குப் போனேன். இன்றைக்கு யாரும் லீவரைத் தொட மாட்டார்கள் என்று நினைத்து நிதானமாகக் குடித்தேன்.

திரும்பி வந்தபோது லீவர் மூன்றில் இருந்தது.

அக்கா இன்னும் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை ஒளியவில்லை.

"நாலுன்னு அவர்தானே சொன்னாரு?"

"ஆமாக்கா."

"எனக்காகச் சொல்லியிருக்காரு. பைத்தியம். கால் சிக்காதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு எது சரியோ அதுலயே வெட்டு. நான் பயந்துக்கறேன், அது என் பாடு."

வெட்டினேன். கடைசிப் பட்டை முடியும்போது, நான் முதல் நாள் மொட்டையடித்த இடத்தைத் தாண்டினேன். எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நாலு பக்கத்திலிருந்தும் ஓடிவந்து மூடிவிட்டது. எடுத்து வைத்த வாழ்த்து வரி இங்கே பயன்படும் என்று நினைத்தேன். போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. வேண்டாம்.

மாமா ஜன்னலில் இருந்தார். ஸ்கேலை நீட்டவில்லை.

"எவ்ளோ?"

"ரெண்டு அங்குலம் மாமா."

நாலில் வைக்கச் சொன்னதற்கு ரெண்டரை வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் புல்லையே பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று வாரமாக இருந்த அதே உயரம். புல்லுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

9

ஞாயிற்றுக்கிழமை. இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன், வாசலில் நின்றுகொண்டே, நோட்டை முன்கையில் வைத்து. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் காரணம் அதுதான்.

மாமா கடைசிப் படியில் நிற்கிறார். வெறுங்கால். பையில் ஸ்கேல். வாக்கரை அவரே சுவரோரம் தள்ளி வைத்துவிட்டார். அக்கா கேட் பக்கம் நிற்கிறாள். பிடிக்க வரக்கூடாது என்று சொல்லியிருப்பதால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறாள். கேட்டின் கம்பியைத்தான் பிடித்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

வலது கால் புல்லில் இறங்கிவிட்டது. ஒன்று.

இடது கால்

[வாக்கியம் பாதியில் நிற்பதற்கு மன்னிக்கவும். அக்கா கேட்டிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணால் அதட்டுகிறாள். காலையிலேயே சொல்லியிருந்தாள்: "அவருக்குத் தெரியாம ரெண்டடி தள்ளிக் கூடவே போ. கையில நோட்டு கீட்டு இருக்கக்கூடாது. ரெண்டு கையும் சும்மா இருக்கணும்."

ஆகவே மிச்சம் இருபத்தொன்றையும் நீங்கள்தான் எண்ண வேண்டும். புல் இரண்டு அங்குலம். அளந்துவிட்டேன். நான் நோட்டைக் கீழே வைக்கிறேன்.]