நாலு ஸ்க்ரூவும் ஒரு மிளகு ஏலமும்

“நாலு ஸ்க்ரூ எதுக்குங்க? ரெண்டு பத்தாதா?” என்று கேட்டேன்.

மண்டிக்காரன் வீட்டில் பிறந்தவன் வாயைத் திறந்தால் முதலில் வருவது பாதி விலைதான். சாமியே நேரில் வந்து மூன்று வரம் கேள் என்றாலும், “ஒண்ணு சேத்துப் போட்டுக் குடுங்க” என்கிற வம்சம் எங்களுடையது.

ஏணி மேல் நின்றிருந்த மெர்சி திரும்பிப் பார்த்தாள். சேலத்திலிருந்து வந்த நெட்வொர்க் இன்ஜினியர். ரூட்டர் பெட்டியைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி வந்து, இறங்கியதும் வேலிக்கு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்த கையோடு “எந்தச் சுவருங்க?” என்று கேட்டவள்.

“உங்க கார் சக்கரத்துக்கு எத்தன போல்ட்டுங்கண்ணா?”

“நாலு.”

“ரெண்டக் கழட்டி வெச்சுட்டு மலை இறங்குங்க. அடிவாரம் போய்ச் சேந்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. நானும் ரெண்டோட நிறுத்திக்கறேன்.”

குடோனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அருணாசலம் மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரிக்கக் காரணம் உண்டு. எங்கள் மலையில் அரியூர் நாட்டு மிளகு எல்லாம் இத்தனை வருஷமாக அவர் தோள் துண்டுக்கு அடியில்தான் விலை போனது. விற்பவன் கையைத் துண்டுக்குள் இழுத்து, விரலைப் பிடித்து விலை சொல்வார். மாரப்பனுக்கு என்ன விலை என்பது ராசப்பனுக்குத் தெரியாது. ராசப்பனுக்கு என்ன விலை என்பது அவன் பெண்டாட்டிக்கே தெரியாது. என் அப்பாவும் அவரும் ஒரே சந்தையில் துண்டு விரித்தவர்கள். அந்தத் துண்டின் அருமை பெருமை எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வருஷம் மாராயி அக்கா அதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தாள். அவள்தான் மிளகு விவசாயிகள் சங்கத் தலைவி. நான் அந்தச் சங்கத்துக்கு மேனேஜர். ஒருத்தரும் துண்டுக்குள் கை விடக்கூடாது, எல்லா மிளகும் சங்கத்துக் குடோனுக்கு வரவேண்டும், ஆன்லைனில் ஏலம், விலை திரையில் தெரியும், எல்லாரும் பார்க்கலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தாள். போன வருஷமும் முயற்சி செய்தோம். வீட்டில் வைக்கிற சின்ன ரூட்டர் டப்பா ஒன்றை மிளகு மூட்டை மேல் வைத்து ஏலத்தை ஆரம்பித்தோம். யாரோ மூட்டையை இழுக்க, டப்பா விழுந்து, ஏலமும் விழுந்தது. அன்று மிளகு அருணாசலம் மாமா லாரியில்தான் மலை இறங்கியது.

இன்றும் அதே லாரி கேட்டுக்கு வெளியே மேட்டில் நிற்கிறது. இன்றைய ஏலமும் படுத்தால் சங்கம் கலைந்துவிடும். மாராயி அக்காவிடம் உறுப்பினர்கள் அதை முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள். பதினொரு மணிக்கு ஏலம்.

சுவர்ப் பஞ்சாயத்து காலையிலேயே முடிந்திருந்தது. சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றார்கள். மெர்சி சுவரில் கையை வைத்துப் பார்த்து, “ஈரம் ஊறுது” என்று தள்ளிவிட்டாள். மூட்டை அடுக்கும் பக்கம் காட்டினார்கள். ஒரு தும்மல் போட்டு, “இந்தத் தூசி எனக்கே ஆவாது, பெட்டிக்கு ஆவுங்களா?” என்றாள். கடைசியில் ஆபீஸ் பக்கக் கல்சுவர் தேறியது. பெட்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடித் தூரத்தில் வைத்துவிட்டு, சுவரில் துளை போட்டு, பிளக் அடித்து, பிளைவுட் பலகை ஒன்றை இறுக்கினாள். பெட்டிக்கு இரண்டு பக்கமும் இரும்புக் காது மாட்டினாள். அந்தக் காதைப் பலகையோடு பிடிக்கத்தான் நாலு ஸ்க்ரூ.

“அண்ணா, பேசற வாய் பேசட்டும். கை பெட்டியத் தாங்கட்டும். இத ஒத்த ஆளாப் பிடிச்சு மாட்டக் கூடாது.”

தாங்கினேன். நாலும் இறங்கின.

“இப்ப கரண்ட் குடு கண்ணு!” என்றாள் மாராயி அக்கா. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“எர்த் மொதல்லீங்க. அப்பறந்தான் கரண்ட்டு.” மெர்சி பச்சை வயரைப் பெட்டியில் முடுக்கி, ஜன்னல் வழியே வெளியே விட்டு, அது இறங்கும் குழியைப் போய்ப் பார்த்தாள். எர்த் குழி காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. “இந்த மலையில இடி எப்புடி இறங்கும்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா? தண்ணி ஊத்துங்க.”

குடோன் காவல் ராசப்பன் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினான். அருணாசலம் மாமா விடுவாரா?

“ஏன்டா ராசப்பா, கம்பிக்குத் தண்ணி ஊத்தறயே, எப்படா காய்க்கும்?”

“உங்க லாரி காலியாப் போறன்னிக்குக் காய்க்குமுங்க.”

ஈரம் இறங்கியதும் மெர்சி மீட்டர் வைத்துப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், சுவிட்சைப் போட்டாள். ஒரு விளக்கு மினுக்கியது. அடுத்தது. அப்புறம் வரிசையாக எல்லாம் பச்சை! பெரிய திரையில் எங்கள் குடோன் தெரிந்தது, மூட்டை தெரிந்தது, திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எங்கள் முதுகுகளே தெரிந்தன. கேமரா, திரை, தராசு, ஆபீஸ் கம்ப்யூட்டர், நாலுக்கும் அந்த ஒரு பெட்டிதான் உயிர். மாரப்பன் தன் வழுக்கையைத் தானே முதல் தடவையாகப் பார்த்து அதிர்ந்துபோனான்.

மெர்சி சாம்பிள் மேசைக் கேமராவைச் சரி செய்ய வெளிக் கொட்டகைக்குப் போனாள். போன நேரத்தில் மாராயி அக்கா ஏணியில் ஏறினாள்.

எங்கள் பக்கத்தில் புது டிராக்டர் வந்தாலும், தராசு வந்தாலும், மோட்டார் வந்தாலும், பொட்டு வைக்காமல் அதைத் தொட மாட்டார்கள். இவ்வளவு பெரிய காரியம் செய்யப்போகிற பெட்டி மூளியாக நிற்கலாமா? முன்பக்கம் விளக்கு எரிவதால் அதைத் தொடாமல் மரியாதையாக விட்டுவிட்டாள். இரண்டு பக்கவாட்டிலும் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது.

“பாரு தரணி, பொட்டு வெக்கறதுக்குன்னே வரிசையா அளவெடுத்து ஓட்ட போட்டு அனுப்பீருக்கறாங்க!”

ஓட்டை ஓட்டையாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே கெட்டியாக ஒரு சாமந்திச் சரத்தைச் சுற்றினாள். பெட்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மெர்சி திரும்பி வந்ததும் நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே.

பதினொரு மணி.

திரையில் ஈரோட்டுக்காரர் வந்தார். கொச்சிக்காரர் வந்தார். இன்னும் யார் யாரோ. முதல் மூட்டையின் சாம்பிளைக் கேமராவுக்கு அடியில் கொட்டியதும், கொச்சிக்காரர் மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். வாசனை வந்துவிடும் போல. விலை ஏற ஆரம்பித்தது. ஒருத்தர் ஏற்ற, இன்னொருத்தர் அதைத் தாண்ட, மறுபடி ஏற்ற! மாமா வழக்கமாகக் கொடுக்கும் விலையைத் தாண்டியபோது குடோனில் ஒரே விசில். அதற்கும் மேலே போனபோது ஆளாளுக்கு விரலை மடக்கினார்கள். இத்தனை வருஷத்தில் விட்டது எவ்வளவு என்று கணக்கு. துண்டுக்குள் ஒளிந்திருந்த சங்கதி சுவரில் இத்தனை பெரிய எழுத்தில் நின்றால் யார்தான் கணக்குப் போட மாட்டார்கள்?

வாசலில் மாமா துண்டால் விசிறிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்.

மூன்றாவது மூட்டை நடக்கும்போது மேலேயிருந்து ஒரு சத்தம். குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி பெட்டி இரைந்தது. பச்சை விளக்கு சிவப்பானது. கொச்சிக்காரர் திறந்த வாயோடு திரையில் அப்படியே நின்றுபோனார். அப்புறம் அவரும் இல்லை.

மெர்சி திரும்பிப் பார்த்தாள். சாமந்திச் சரத்திலிருந்து சந்தனம் வரை ஒரு தடவை கண்ணை ஓட்டினாள்.

“யாருங்க இதுக்கு அலங்காரம் பண்ணுனது?”

“நாந்தான் கண்ணு.”

“அக்கா, அது பொட்டு வெக்கற எடமில்லீங்க. மூக்கு. அது மூச்சு விடற ஓட்டை. ரெண்டு மூக்கயும் அடச்சு, தலமேல போர்வயும் போத்தி உட்டுட்டீங்க. சூடு தாங்காம தானா நின்னு போச்சு.”

மாராயி அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஏலத்தில் ஒரு விதி இருந்தது. விற்கிறவர்கள் பக்கம் கால் மணி நேரம் அறுந்து போனால் மீதி மூட்டைகள் எல்லாம் ரத்து. ராசப்பன் ஈரத்துணியோடு ஓடிவந்தான்.

“தண்ணி கிட்டயே வரக்கூடாது!” மெர்சி போட்ட சத்தத்தில் அவன் வாசலிலேயே நின்றான். இன்னொருத்தன் ஊசியை நீட்டினான். “குத்துனா உள்ள போயிருமுங்க. யாரும் ஒண்ணும் செய்யாதீங்க.” சுவிட்சை அணைத்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், சூடு இறங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த நிற்பைப் பார்க்க எங்கள் எல்லாருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. “ஏலக்காரங்களப் பிடிச்சு வையுங்கண்ணா. எப்பிடியோ!”

போனில் பேசலாமென்றால் எங்கள் குடோனில் சிக்னல் கிடையாது, இன்டர்நெட் வருவதே கேபிளில்தான். மேட்டுக்கு ஓடினேன். அங்கேயும் ஒரு கோடுதான், வந்து வந்து போனது. சுற்றிப் பார்த்தேன். அந்த வட்டாரத்திலேயே உசரமான இடம் அருணாசலம் மாமாவின் லாரிதான்.

“டேய் தரணி! எங்கடா ஏறற? அது என்ற லாரிடா!”

“மாமா, வாடக அப்பறம் பேசிக்கலாமுங்க!”

கேபின் மேலே நின்றதும் சிக்னல் கொட்டியது. ஈரோட்டுக்காரரைப் பிடித்தேன். “கரண்ட்ல சின்னக் கோளாறுங்க. நீங்க போறதுன்னாப் போங்க, ஒண்ணுமில்ல. கொச்சிக்காரரு விடமாட்டாரு போல இருக்குது.” கொச்சிக்காரரைப் பிடித்தேன். “சார், நீங்க போயிட்டா ஈரோட்டுக்காரருக்குத்தான் தீபாவளி.” இரண்டு பேருமே, “யார் போறேன்னு சொன்னது?” என்று என்மேல் பாய்ந்தார்கள். என் அப்பா இருந்திருந்தால் அன்றைக்கு எனக்குத் தனிக் கல்லா போட்டுக் கொடுத்திருப்பார்.

மேலேயிருந்து குடோன் வாசல் நன்றாகத் தெரிந்தது. மாமா எழுந்து நின்று துண்டை உதறி விரித்தார்.

“மாரப்பா, கைய உள்ள உடு. நிக்கிற லாரி நெசம். நின்னு போன பொட்டி பொய்.”

மாரப்பன் மாராயி அக்காவைப் பார்த்தான், இருண்ட திரையைப் பார்த்தான். கை மெதுவாகத் துண்டுக்குள் பாதி போனது. அவன் போனால் ஊரே போகும்.

“கைய எடு மாரப்பா” என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர், குரலில் இல்லை. “தப்புப் பண்ணுனது நானு. திட்டறதுன்னா என்னயத் திட்டு. கொடியில அத்தன மாசம் பொறுத்த மொளகு கால் மணி நேரம் பொறுக்காதா? ஏனுங்க அருணாசலம், விலை நல்ல விலைன்னா வாயால சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

மாமா வாயைத் திறக்கவில்லை. மாரப்பன் கையை எடுத்துக்கொண்டான்.

நான் குதித்து உள்ளே ஓடினேன். பெட்டியை இறக்கி, ஓட்டை கீழே பார்க்கச் சாய்த்துப் பிடித்திருந்தாள் மெர்சி. சூட்டில் காய்ந்த சந்தனம், தோசைக்கல்லில் தீய்ந்த அடை மாதிரி வில்லை வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. மெல்லிய பிரஷ்ஷால் ஒட்டியதைத் தட்டினாள், வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தாள். பெட்டியைப் பலகையில் வைத்தோம், நான் தாங்கினேன்.

“ரெண்டு ஸ்க்ரூ போதுமுங்களாண்ணா? அவசரமாச்சே.”

“நாலும் போடு தாயி! அஞ்சாவது இருந்தாலும் போடு!”

எர்த் வயர். பிளக். சுவிட்ச். ஒரு விளக்கு. அடுத்தது. கடைசி விளக்கு மட்டும் யோசித்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்திருந்தோம், பெட்டி விடட்டும் என்று. பச்சை!

“ஹலோ, மிளகு எவிடே?” என்றார் கொச்சிக்காரர், வாய் இன்னும் திறந்தபடி.

அதற்கப்புறம் நடந்தது ஏலமில்லை, ஜல்லிக்கட்டு. நான் லாரி மேலே நின்று மூட்டிவிட்ட சூடு இரண்டு பேரிடமும் ஆறவே இல்லை. மூட்டைக்கு மூட்டை விலை ஏறியது. ராசப்பன் குடத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தாளம் போட்டான். மெர்சி மீதிச் சந்தனத்தை எடுத்து மாராயி அக்கா கையில் கொடுத்து, “பலகைக்கு வையுங்கக்கா. பலகை மூச்சு விடாது” என்றாள். அக்கா பிளைவுட்டின் நாலு மூலைக்கும் பொட்டு வைத்தாள், பெட்டிக்குக் கையெடுத்து ஒரு கும்பிடு மட்டும் போட்டாள்.

கடைசி மூட்டைகள் வந்தபோது என் தோளை யாரோ சுரண்டினார்கள். அருணாசலம் மாமா. கையில் போன்.

“ஏன்டா தரணி, இதுல எப்பிடிடா உள்ள போறது? லாரிய காலியா மலை இறக்குனா ஊர்ல மானம் போயிரும்டா.”

குடோன் வைஃபையை இணைத்துக் கொடுத்து, ஏலத்தில் பேரைப் பதிந்து, எந்த இடத்தைத் தொடவேண்டும் என்று காட்டினேன். மாமா ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். தோள் துண்டை எடுத்துப் போனின் மேல் மூடினார். கை உள்ளே போனது. அக்கம் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, துண்டுக்கு அடியில் ரகசியமாக விரலால் தொட்டார்.

அவர் பெயரும் அவர் சொன்ன விலையும், கொச்சிக்காரர் விலைக்கு ஒரு படி மேலே, சுவர் முழுக்க விழுந்தன.

மாராயி அக்கா அதை வாய்விட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இரண்டு தடவை படித்தாள்.